அம்மா குடிகாரியான ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் குடி என்ற பேச்சே எழுந்ததில்லை. அப்பா சட்டையெல்லாம் சேறாக, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தால், "அப்பாவுக்கு மயக்கம், சத்தம் போடாத" என்பாள் அம்மா. பகலெல்லாம் தங்கமான மனிதர். பொழுது சாய்ந்தால் மயக்கம் வந்துவிடும். எங்கள் ஊர் அடி அண்ணாமலை முழுக்கத் தெரிந்த சங்கதி எனக்கு மட்டும் தெரியாது. அத்தனை கெட்டிக்காரி என் அம்மா. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதுசு.

அந்த வருஷம் அம்மாவின் அண்ணன், என் மாமா, போளூரிலிருந்து வந்தார். கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை. கார்த்திகை தீபத்துக்குள் இந்த மனுஷன் திருந்தாவிட்டால் உன்னையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் சொன்னால் செய்கிறவர். ஆனால் அண்ணி போடும் சோற்றுக்குக் காத்திருக்கிறவள் இல்லை என் அம்மா. அப்பாவை விட்டுவிடவும் அவளுக்கு மனசில்லை.

பக்கத்து வீட்டு அக்கா, ஆசிரமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டில் குடிகாரர்கள் கூடுகிறார்கள், கூடி உட்கார்ந்து பேசியே குடியை விடுகிறார்கள் என்று அவள்தான் அம்மாவிடம் சொன்னாளாம். இது பின்னாளில் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு என்னிடம், வேண்டுதலுக்குப் போகிறோம் என்று மட்டும் சொன்னாள் அம்மா.

அவள் மனசிலும் அது வேண்டுதல்தான். நோயாளி நடந்து வர முடியாவிட்டால் அவன் துணியைக் கொண்டுபோய் மந்திரித்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பாவின் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டாள். தேங்காய், வெற்றிலை, கற்பூரம் எல்லாம் தட்டில் வைத்தாள். என்னையும் கூட்டிக்கொண்டாள். அர்ச்சனைக்குப் பேர் கேட்டால் அம்மா புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டாள். கோயிலில் அதைச் சொல்வது என் வேலை.

ஆசிரமம் இருக்கிற செங்கம் ரோட்டில் எந்த வீடு என்று தெரியவில்லை. அம்மா டீக்கடையில் மெல்லக் கேட்டாள்.

"குடிகாரங்க கூடற எடமா? சாராயக்கட அந்தாண்ட கீதும்மா. இந்நேரத்துக்கேவா?" என்றான் கடைக்காரன். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"வுடறவங்க கூடற எடத்த கேட்டேன். குடிக்கறவங்க எடம் உனுக்குத்தான் தெரியுமே" என்று சொல்லிவிட்டு நடந்தாள் அம்மா.

ஒரு வீட்டில் பத்துப் பதினைந்து பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். இதுதான் என்று நாங்களும் உட்கார்ந்தோம். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் ஒரு அம்மாள் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்தாள். அம்மா அவள் காதில் ஏதோ கேட்டாள். அவள் திடுக்கிட்டு, எதிரே இருந்த சந்துப் பக்கம் கைகாட்டினாள்.

அங்கே ஒரு அறையில் பாய் விரித்து, வெள்ளைக்காரரும் நம்மவர்கள் நாலைந்து பேரும் வட்டமாக இருந்தார்கள். அம்மா தட்டை நடுவில் வைத்தாள். யாரும் கற்பூரம் ஏற்றவில்லை, எடுக்கச் சொல்லவும் இல்லை. ஒவ்வொருவராகத் தன் பேரைச் சொல்லி, "நான் குடிகாரன்" என்றார்கள். மற்றவர்கள் வணக்கம் சொன்னார்கள். வெள்ளைக்காரர் சொன்னதைக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் தமிழில் சொன்னார். தன் முறை வந்தபோது அந்தப் பெரியவரும் அதையேதான் சொன்னார். திட்டுகிற வார்த்தையை இவர்கள் ஏன் தங்களுக்கே சொல்லிக்கொள்கிறார்கள்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

எங்கள் முறை வந்தது. அம்மா என்னை இடித்தாள். என் வாய் நிறைய வாழைப்பழம். எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அம்மா சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பேர் வரவில்லை. பிறகு, "நான் குடிகாரி" என்றாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவளுக்கும் வணக்கம் சொன்னார்கள். பெரியவர், "அடுத்த வாரமும் வாங்கம்மா" என்றார்.

வழியெல்லாம் நான் அம்மாவின் வாயை முகர்ந்து பார்க்க எக்கி எக்கி நடந்தேன். வெற்றிலை வாசனைதான் வந்தது. வீட்டில் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"அப்பா, நம்ம அம்மா குடிகாரியாம்! எல்லார் எதிர்லயும் அதுவே எழுந்து நின்னு சொல்லுச்சு."

அப்பா பெரிசாகச் சிரித்தார். அப்புறம் அம்மாவின் கையில் இருந்த தன் சட்டையைப் பார்த்தார்.

"இன்னாடி இது?"

"வேற யாரு சொல்றது?" என்றாள் அம்மா.

அன்றைக்கும் அப்பாவுக்கு மயக்கம் வந்தது. மறுநாளும் வந்தது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குளித்துவிட்டு, "எந்த வூடு? காட்டு" என்றார். அம்மாவின் குடியை நிறுத்தத்தான் அப்பா கூட்டிக்கொண்டு போகிறார் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன்.

எங்களை வாசலில் உட்காரவைத்து அவர் மட்டும் உள்ளே போனார். வெகு நேரம் கழித்து அவர் குரல் கேட்டது. தன் பேரைச் சொன்னார். கொஞ்சம் நிறுத்தி, "நான் குடிகாரன்" என்றார்.

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பெண்டாட்டி செய்த தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற இப்படி ஒரு புருஷன் எந்த ஊரில் கிடைப்பான்?

"அழாதம்மா. நீ குடிக்கறத அப்பா தாம்மேல போட்டுக்கினாரு. இனிமே உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் ஜாஸ்தியாக அழுதாள்.