இன்ஜின் அணைக்காத லாரி

உலகத்தில் எங்கெங்கோ லாரிகளை எடை போடுகிற ஒரு கணினி நிரலில் நான் எழுதிய வரிகளும் இருக்கின்றன. இதைச் சொல்லும்போது நான் அடக்கமாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். அடக்கம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் தூரத்துச் சொந்தம்தான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குத் திரும்பும் சாலையில் ஒரு எடை மேடை இருக்கிறது. அங்கேதான் எனக்கு வேலை. லாரி வந்து இரும்புப் பலகைமேல் நிற்கும். அடியில் இருக்கும் கருவி எடையைக் கணினிக்கு அனுப்பும். நான் சீட்டு அடித்துக் கொடுப்பேன். வருவதெல்லாம் பெரும்பாலும் ஆலைகளில் உருக்கப் போகிற பழைய இரும்பு. முதலாளி பழவேற்காட்டுக்காரர், எல்லாருக்கும் அவர் பாய். நான் தபால் வழியில் கம்ப்யூட்டர் பட்டம் வாங்கியவள். "இவ்ளோ படிச்சுட்டு இங்க இன்னாமா பண்ணிக்கினு கீறே?" என்று கேட்காத டிரைவர் கிடையாது. "உங்க வண்டி எவ்ளோ கனம்னு பாத்துக்கினு கீறேன்ணா" என்பேன்.

சீட்டு அடிக்க நாங்கள் வைத்திருந்த பழைய சாஃப்ட்வேர் ஒரு நாள் திறக்க மறுத்துவிட்டது. விற்ற கம்பெனி, புதிதாக வாங்கினால்தான் உண்டு என்றது. பாய் முகம் சுருங்கிப்போனது. நான் கொஞ்ச நாளாகவே ஒரு ஓபன் சோர்ஸ் நிரலை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தேன். அதாவது, எழுதினவர்கள் அதன் உள்ளே இருப்பதை எல்லாருக்கும் திறந்து வைத்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். குறை இருந்தால் திருத்தி அனுப்பலாம், பார்த்துக்கொள்கிறவர் சரி என்றால் அந்தத் திருத்தம் எல்லாருக்கும் போகும். இதைப் பாயிடம் விளக்கினேன்.

"சும்மா குடுக்கறான்னா இன்னாத்துக்குமா குடுக்கறான்?" என்றார் பாய்.

"அவங்களுக்கும் எடை போடணும் பாய், அதான்."

அரை மனதாகத் தலையாட்டினார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். எந்த டிரைவராவது சீட்டை வாங்க மாட்டேன் என்று சொன்னால் அன்றோடு இந்த ஓசிச் சரக்கைக் கழற்றிவிட வேண்டும். எடை மேடைக்கு நம்பிக்கைதான் முதல். எங்கள் சீட்டில் ஒன்று இருந்து, ஆலைக்குள்ளே போடும் எடையில் குறைந்தால், குறைந்த இரும்புக்கு டிரைவர்தான் பதில் சொல்ல வேண்டும். சரி என்றேன். அந்தச் சரியைச் சொல்லும்போது எனக்கு ஊத்துக்கோட்டைக்காரர் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அவர் ஊத்துக்கோட்டையிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு வருகிறவர். சொந்த வண்டி, கிழட்டு வண்டி. இன்ஜினை அணைத்தால் மறுபடி செல்ஃப் எடுக்காது. அதனால் மேடை மேலேயும் அணைக்க மாட்டார். வண்டி நின்ற இடத்திலேயே உதறிக்கொண்டிருக்கும். வெளியே தொங்கும் சிவப்பு எண் போர்டில் எடை மேலும் கீழும் குதித்துக்கொண்டிருக்கும். புது நிரலோ, எண் அசையாமல் நின்ற பிறகுதான் சீட்டு அடிப்பேன் என்று காத்திருந்தது. எண் நிற்கவே இல்லை. பின்னால் வரிசை சாலை வரைக்கும் போய்விட்டது. ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது.

"ணா, ஒரு நிமிசம் ஆஃப் பண்ணுங்க."

"ஆஃப் பண்றேன். அப்பால நீதான் வந்து தள்ளணும், வரியா?"

அன்றைக்குப் பக்கத்து மேடைக்கு அனுப்பி வைத்தேன்.

அந்த நிரலைப் பார்த்துக்கொள்கிறவர் பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் இருக்கிற பெண். அவருக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது, மரியாதையான பதில். ஓட்டுநர்களை இன்ஜினை அணைக்கச் சொல்வதில் என்ன சிரமம் என்று கேட்டிருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீளமாக ஒரு பதில் தட்டினேன். படித்துப் பார்த்தால் பாதி சண்டை, பாதி இலக்கணப் பிழை. அழித்துவிட்டேன். அடுத்த முறை ஊத்துக்கோட்டைக்காரர் வந்தபோது போனில் வீடியோ எடுத்தேன். உதறும் வண்டி, குதிக்கும் எண், பின்னால் வரிசையாக நிற்கும் லாரிகள், இறங்கி வந்து கையை ஆட்டிக் கத்தும் டிரைவர்கள். வேறு ஒரு வார்த்தையும் எழுதாமல் அதை அனுப்பினேன்.

அதைப் பார்த்த அந்தப் பெண், இதுவரை ஒரு வண்டியைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கிறோம், அதன் பின்னால் இருக்கும் வரிசையைப் பற்றி யோசிக்கவில்லை என்று எழுதியிருந்தார். நீங்களே திருத்தி அனுப்புங்கள், நான் பார்க்கிறேன் என்றார். ஒரு நிபந்தனை அவருக்கும் இருந்தது. இன்ஜின் ஓடும்போது எடுத்த எடை என்று சீட்டில் அச்சாக வேண்டும், யாரும் யாரையும் ஏமாற்றக் கூடாது. அது நியாயம்தான். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

திருத்தம் எனக்குச் சுலபமாகத் தோன்றியது. குதிக்கிற எண்களை எல்லாம் கூட்டிச் சராசரி எடுத்து, அவர் கேட்ட வரியையும் சீட்டில் சேர்த்தால் முடிந்தது. அவரும் நல்ல யோசனை என்றார். இரண்டு பேரும் சேர்ந்தே ஏமாந்தோம்.

அடுத்த லோடோடு வந்த ஊத்துக்கோட்டைக்காரர் சீட்டை வாங்கினார். போர்டைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார்.

"உன் போர்டு பத்து பத்து கிலோவாத்தானே ஏறும், எறங்கும்? சீட்ல கடைசியில மூணுன்னு கீதே. போர்டுல மூணு எங்கமா வந்துது?"

"அது சராசரிணா. எல்லாத்தையும் கூட்டி வகுத்தது."

"என் கண்ணால பாக்காத நம்பர நான் எப்டிமா ஒத்துக்கறது? எனக்கு வாணாம் இது."

சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டார். பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "பேஜாரா கீதும்மா இது" என்றார். நான் கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சி வழக்கமில்லை என்று அவருக்கும் தெரியும். அதனாலேயே இருக்கும், நோன்புப் பெருநாள் வரைக்கும் தவணை கொடுத்தார். அதற்குள் ஊத்துக்கோட்டை வண்டிக்கு அதன் டிரைவர் ஒத்துக்கொள்கிற மாதிரி சீட்டு வரவேண்டும். இல்லையென்றால் கடன் வாங்கியாவது பழைய கம்பெனி சாஃப்ட்வேரையே போட்டுவிடுவார். அதுவரை அந்த வண்டி வந்தால் எடையைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கையால் எழுதும்போதுதான் உறைத்தது. இந்த மாதிரி வண்டிக்கு நாங்கள் என்ன செய்வோம்? டிரைவர் கீழே இறங்கி என் ஜன்னல் பக்கம் வந்து நிற்பார். நானும் அவரும் போர்டையே பார்த்துக்கொண்டிருப்போம். வண்டி ஏறினவுடன் வரும் பெரிய குதியலை இருவருமே கண்டுகொள்ள மாட்டோம். அது அடங்கின பிறகு ஒரே எண் திரும்பத் திரும்ப வரும். அது வரும்போதெல்லாம் டிரைவர் "அதான்" என்பார். அடுத்த முறை நானும் "அதான்" என்பேன். இருவர் வாயிலும் ஒரே எண்ணுக்கு "அதான்" வந்துவிட்டால் அதை எழுதுவேன். அதற்குப் பிறகு சண்டை கிடையாது. இந்த மேடைக்கு வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்து செய்கிற காரியம். கணினி முன்னால் உட்கார்ந்ததும் அதை மறந்து, பள்ளிக்கூடக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

சராசரியைத் தூக்கிப் போட்டேன். முதல் குதியலை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு அதிக முறை வந்த எண் எதுவோ அதை எடுக்கும்படி மாற்றி எழுதினேன். அந்த எண் திரும்ப வரும்போதெல்லாம் திரையில் பச்சையாக மின்னும், டிரைவரும் பார்க்கலாம். அனுப்பினேன். அந்தப் பெண் லேசில் விடவில்லை. இங்கே பெயரை மாற்று, அங்கே சுருக்கு, இது எதற்கு, அது எதற்கு என்று திருப்பித் திருப்பி அனுப்பினார். என் மாமியார்கூட என் சமையலில் இவ்வளவு குறை சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் திட்டிக்கொண்டேதான் திருத்தினேன், ஒவ்வொரு முறையும் நிரல் முன்பைவிட நன்றாகத்தான் ஆனது.

கடைசியாக ஒரு சோதனை கேட்டார். நிஜ வண்டியின் எண்களைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். இனிமேல் யார் எந்த மாற்றம் செய்தாலும் அந்தப் பதிவை நிரலுக்குள் ஓட்டிப் பார்ப்பார்களாம். சரியான எடை வந்தால்தான் புதுப் பதிப்பு வெளியீடு. ஒரு மத்தியான நேரம் ஊத்துக்கோட்டை வண்டி ஏறியதிலிருந்து இறங்கும் வரை வந்த எண்கள் முழுவதையும் பதிவு செய்தேன். டிரைவரும் நானும் ஜன்னலில் நின்று "அதான்" சொன்ன எண்ணையே சரியான விடையாக எழுதினேன். கோப்புக்கு ஊத்துக்கோட்டை லாரி என்றே பெயர் வைத்தேன். எதற்கெடுத்தாலும் பெயரை மாற்றச் சொல்கிறவர் இதை மட்டும் மாற்றச் சொல்லவில்லை.

திருத்தம் நிரலில் சேர்ந்துவிட்டது. நோன்பு முடிய இன்னும் நாள் இருந்தது. அந்தப் பெண், இந்த வெளியீட்டை நீங்களே செய்யுங்கள் என்று எழுதி, அதற்கான உரிமையையும் எனக்குக் கொடுத்திருந்தார். பாய் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒரு வரி வந்தது.

"அவ்ளோதானா?" என்றார் பாய்.

"அவ்ளோதான் பாய். இனிமே எல்லா ஊருக்கும் போவும்."

"எல்லா ஊருக்கும் போவட்டும். மொதல்ல அந்தாள் ஒத்துக்கறானா பாரு."

வந்தார். திரையில் பச்சை மின்னியபோது அவர் வாய் தானாக "அதான்" என்றது. சீட்டை வாங்கினார், போர்டைப் பார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு அழுகை வந்தது. நான் இந்த வேலைக்கு வந்து அழுதது அந்த ஒரு தடவைதான், அதுவும் சந்தோஷத்தில். பெருநாளைக்குப் பாய் யாரிடமோ போனில், "நம்ம பொண்ணு பண்ண சாஃப்ட்வேருபா" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. நான் பண்ணியது அதில் சின்னப் பங்குதான். அன்றைக்குப் பாயைத் திருத்தப் போகவில்லை.

அந்தக் கிழட்டு வண்டி இப்போது இல்லை. இத்தனை காலம் எந்த ஆலைக்குப் பழைய இரும்பு சுமந்ததோ, அதே ஆலைக்குப் பழைய இரும்பாகவே போனது. போகிற வழியில் எங்கள் மேடையில்தான் கடைசியாக ஏறியது. அன்றைக்கும் உதறிக்கொண்டேதான் நின்றது.

போன வாரம் யாரோ ஒருவர், நான் கேள்வியேபடாத ஊர்க்காரர், நிரலை வேகமாக்குகிறேன் என்று ஒரு மாற்றம் அனுப்பியிருந்தார். சோதனையில் தவறென்று சிவப்பு விழுந்தது. அந்தப் பெண் அவருக்கு எழுதியிருந்த பதிலை நான் எத்தனை முறை படித்தேனோ தெரியாது. மற்றதெல்லாம் சரி, ஆனால் ஊத்துக்கோட்டை லாரி ஒத்துக்கொள்ளவில்லை, அது ஒத்துக்கொள்ளும் வரை வெளியிட முடியாது என்று எழுதியிருந்தார்.

மறுநாள் ஊத்துக்கோட்டைக்காரர் தவணையில் எடுத்த புது லாரியில் வந்தார். ஜன்னலுக்கு வந்தவரிடம் போனைக் காட்டி முழுக்கதையும் சொன்னேன். உங்கள் பழைய வண்டி இன்னும் மேடையிலேதான் நிற்கிறது, அது சரி சொல்லாமல் உலகத்தில் ஒருத்தருக்கும் புதுசு போகாது என்றேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டார்.

"பின்ன? நாங்க சும்மா ஒத்துக்கற ஆளுங்களா?" என்றார்.

வெளியே போர்டில் எண் குதித்துக்கொண்டிருந்தது. புது வண்டியையும் அவர் அணைக்கவில்லை.