அஞ்சு கோட்டு மெழுகு

கார் பெயிண்டுக்கு மெழுகு ஏத்தறது பெரிய வித்தை ஒன்னும் இல்ல. ஒரு கோட்டு, அதாவது ஒரு பூச்சு, காயற வரைக்கும் அடுத்தத போடாம கைய கட்டிக்கினு உக்காந்திருக்கறதுதான் வித்தை. வண்டிய பாலிஷுக்கு விட்டுட்டு "ஆச்சா, ஆச்சா"ன்னு ஷெட்டு வாசல்ல நின்னு உசிர வாங்கினவங்களும் சரி, அவங்ககிட்ட மாட்டிக்கினு முழிச்சவங்களும் சரி, இத படிக்கறீங்கன்னா நாமெல்லாம் ஒரே கட்சி.

எழுபதுகள்ல கும்மிடிப்பூண்டி ட்ரங்க் ரோட்டோரம் ஒரு ஷெட்டுல எனக்கு பாலிஷ் வேலை. சுத்துவட்டாரத்துல ஃபேக்டரிங்க ஒன்னொன்னா வந்துக்கினு இருந்த நேரம். எத்தனையோ வண்டி பாத்திருக்கேன். ஆனா என்னைப் பேஜார் பண்ணினது ஒரே ஒரு வண்டிதான்.

நரைச்ச வண்டி

கவரப்பேட்டை பக்கம் ரைஸ் மில் வெச்சிருந்த ஒரு மொதலாளியோட கறுப்பு அம்பாசிடர் அது. வெயில்ல நின்னு நின்னு கறுப்பெல்லாம் சாம்பலாயிடுச்சு. ஓட்டிக்கினு வந்தவன் அவரோட டிரைவர் தேசிங்கு, கடம்பத்தூர்காரன். டீ சொன்னேன், வேணாம்னுட்டான். மொதலாளி பொண்ணுக்கு பங்குனியில கல்யாணம். மாப்ள அழைப்புக்குள்ள வண்டி புதுசு மாதிரி ஆகலன்னா வித்துட்டு, இனிமே மச்சான் வண்டியிலயே போய் வந்துக்கறதுன்னு மொதலாளி முடிவு பண்ணிட்டாரு. மச்சானுக்கு டிரைவர் இருக்கான். வண்டி போச்சுன்னா தேசிங்கு வேலையும் போச்சு.

பதினோரு வருஷம் அந்த ஸ்டியரிங்க புடிச்சவன். எனக்கு மனசு கேக்கல. வாய வெச்சுக்கினு சும்மா இருந்திருக்கலாம். "அஞ்சு கோட்டு ஏத்தறேன், பானெட்டுல மூஞ்சி பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டேன். அவன் பானெட்ட தடவிப் பாத்துட்டு சொன்னான்: "மூஞ்சி தெரியாட்டி போவுது அண்ணே, கறுப்பு வண்டின்னு தெரிஞ்சா போதும்."

தவிட்டுக் கலர்

விஷயம் தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். மொதல்ல காம்பவுண்டுன்னு நறநறன்னு ஒரு பசை, அத போட்டு தேய்ச்சு செத்துப்போன பெயிண்ட எடுக்கணும். அதுமேல சீலர்னு ஒன்னு, மெட்ராஸ்ல இருந்து டப்பாவுல வரும். பெயிண்ட கப்புனு மூடிக்கும். அதுக்கும் மேலதான் மெழுகு. ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல ஒரு நாளாவது காயணும். இத நாலு பேருக்கு நானே பாடம் எடுத்திருக்கேன். ஆனா மில் மொதலாளி தினம் ரெண்டு தடவ வந்து நின்னாரு. அந்தத் தொல்ல தாங்காம, ஒரே நாள்ல ரெண்டு கோட்டு மெழுக அப்பிட்டேன். கைய வெச்சா பிசுபிசுன்னு இருந்துது. "எங்க மில்லுல நின்னா காயாதா?"ன்னு வண்டிய எடுத்துக்கினு போய்ட்டாரு.

காஞ்சுது. மறுநாள் காலையில நாஷ்டா முடிச்சுட்டு வரேன், ஷெட்டு வாசல்ல தவிட்டுக் கலர்ல ஒரு அம்பாசிடர் நிக்குது. மில்லுல பறந்த தவிடு அத்தனையும் மெழுகுல ஒட்டி இறுகிப் போயிருந்துது. கண்ணாடிங்க மட்டும் தப்பிச்சுது. தேசிங்கு என் மூஞ்சிய பாக்கவே இல்ல. மொதலாளி கதவ நகத்தால சுரண்டி மோந்து பாத்தாரு. கோவப்படுவாருன்னு நெனச்சேன், படல. "நல்ல தவிடு நைனா. மாட்டுக்கு வெச்சிருந்தா பாலாவது கறந்திருக்கும்."

ரெண்டு சேவல்

மொத்தத்தையும் மண்ணெண்ண போட்டு கழுவி எடுத்து, முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். இந்த தடவ சாவி என் இடுப்புல. மொதலாளி வந்தா "காயுது"ன்னு ஒரே பதில்தான். சீலர் ஒரு நாள், அதுக்கப்பறம் நாளுக்கு ஒரு கோட்டு மெழுகு. அஞ்சாவது கோட்ட பழைய மல்லு வேட்டியால தேய்ச்சு முடிச்சப்போ, ரோட்டுல போற லாரி நம்பர் கதவுல, கண்ணாடியில தெரியற மாதிரி எழுத்து எழுத்தா தெரிஞ்சுது. சத்தியமா சொல்றேன், எனக்கே கண்ணு கலங்கிச்சு.

வெளிய இழுத்து நிறுத்தின அர மணி நேரத்துல பக்கத்து டீக்கட அஞ்சலையோட சேவல் வந்துது. கதவுல இன்னொரு சேவல பாத்துது. அவ்ளோதான், எகிறி எகிறி கொத்துது. நான் துணிய ஆட்டிக்கினு இந்தப் பக்கம் தொரத்தினா அந்தப் பக்கத்துக் கதவுக்குப் போவுது. அங்கயும் ஒருத்தன் நிக்கறான். மத்தியானம் வரைக்கும் என் பொழப்பு இதேதான். கூடைய போட்டு சேவல மூடி வையின்னு அஞ்சலைகிட்ட கெஞ்சினேன். அவ டீ ஆத்திக்கினே சொன்னா: "என் சேவல ஏன் மூடணும்? உன் வண்டிக்குள்ள கீற சேவல வெளிய வுடு, ரெண்டுல ஒன்னு பாத்துக்கட்டும்."

தங்காத பொட்டு

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழம வண்டிய மில்லு வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினோம். மொதலாளி பானெட்டுல குனிஞ்சு மீசைய நீவி விட்டுக்கினாரு. "விக்கற பேச்சு வேணாம்"னு அவர் வாயால சொல்லல, ஆனா மொகத்துல தெரிஞ்சுது. தேசிங்கு அப்பத்தான் மூச்சு விட்டான்.

நல்ல காரியத்துக்குப் போற வண்டிக்கு பொட்டு வெக்கணும் இல்லையா, மொதலாளி சம்சாரம் சந்தனக் கிண்ணத்தோட வந்தாங்க. பானெட்டு நடுவுல ஒரு உருண்ட அப்பினாங்க. அது நிதானமா வழுக்கிக்கினு வந்து பம்பருக்குப் போய்டுச்சு. இன்னும் கெட்டியா வெச்சாங்க. அதுவும் அதே வழியில போச்சு. வெறும் குங்குமத்த வெச்சா பொலபொலன்னு உதுருது. தண்ணியே தங்காத மெழுகுல சந்தனம் எப்படி தங்கும்? இத்தினி வருஷத்துல எனக்கு இது தோணவே இல்ல பாருங்க. "பொட்டு தங்காத வண்டியா என் பொண்ணு கல்யாணத்துக்கு? மொதல்ல இத கண்ணுக்கு மறைவா வித்துத் தொலைங்க"ன்னுட்டாங்க அந்தம்மா. தேசிங்கு அப்படியே தரையில குந்திட்டான்.

அந்த நேரத்துல சீலர், மெழுகுன்னு பாடம் எடுக்க முடியுமா? "தூசி கீதும்மா, ஒரு நிமிஷம்"னு சொல்லிட்டு, மண்ணெண்ண துணியும் காம்பவுண்டும் எடுத்து, பானெட்டு நடுவுல உள்ளங்கை அளவுக்கு, அஞ்சு கோட்டையும் என் கையாலயே தேய்ச்சு எடுத்தேன். இப்ப வெச்ச சந்தனம் அட்டையாட்டம் புடிச்சுக்கிச்சு. அந்தம்மா கன்னத்துல போட்டுக்கினாங்க. அப்பறம் என்னை ஏற எறங்க பாத்துட்டு புருஷன்கிட்ட சொன்னாங்க: "ஏங்க, தொடைக்கவே தெரியாத ஆளாண்டயா வண்டிய வுட்டீங்க?"

தேசிங்கு வேலை

கல்யாணம் ஜோரா நடந்துது. மாப்ள ஊட்டுக்காரங்க "வண்டி புதுசா?"ன்னு கேட்டாங்களாம். மொதலாளிக்கு தல கால் புரியல. வண்டிய விக்கற பேச்சே போச்சு.

ஒரு மாசம் கழிச்சு தேசிங்கு பஸ்ஸுல வந்து எறங்கினான். "வண்டி எங்கப்பா?"ன்னேன். ரோட்டுல எடுத்தா புழுதி படும், கல்லு தெறிக்கும்னு மொதலாளி அத கோடவுன்ல பெட்ஷீட் போட்டு மூடி வெச்சுட்டாராம். பொன்னேரிக்கு அவரு பஸ்ஸுலதான் போறாரு. தேசிங்கு அவர பஸ் ஏத்தி விட்டுட்டு வந்து, பெட்ஷீட்ட எடுத்து வண்டிய தொடச்சுட்டு, திரும்பவும் மூடணும். "அப்ப உன் வேல?"ன்னு கேட்டேன். தோள் துண்ட மடிச்சுக்கினே சொன்னான்: "வேலைக்கு ஒன்னும் கொறவில்ல அண்ணே, ஓட்டறதுக்குத்தான் ஒன்னும் இல்ல."

ஒரு வண்டிய காப்பாத்த எத்தினி கோட்டு போடணும்னு என்கிட்ட கேளுங்க, சொல்றேன். அத ஓட்டறவன காப்பாத்த எத்தினியோட நிறுத்தணும்னு மட்டும் கேக்காதீங்க.