எள்ளுச் சாதமும் செத்த பூநாரையும்

ஷார்ஜா பக்கம் உப்பு மண்ணுக்கு நடுவே ஒரு நீர்நிலை. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்கும். மறைந்திருந்து பார்ப்பவர்களுக்கான மரக்குடிலைப் பெருக்கித் துடைப்பது என் டூட்டி. பறவைக்குத் தீனி போடக்கூடாது என்று வாசலிலேயே போர்டு உண்டு.

எனக்கு அப்போது ஏழரைச் சனி. சனிக்கிழமை தவறாமல் காக்கைக்கு எள்ளுச் சாதம் வைக்கும்படி மனைவி போனில் சொல்லியிருந்தாள். நான் தங்கியிருந்த முவைலா ரூமில் புறாதான் வரும். இங்கே காக்கை வந்தது. சாமி காரியம்தானே என்று குடிலுக்குப் பின்னால் வைத்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை அந்த இடத்தில் ஒரு பூநாரை செத்துக் கிடந்தது. பக்கத்தில் என் சோறு. பாகிஸ்தான்கார சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார். வெள்ளைச் சோற்றில் கறுப்புக் கறுப்பாய்.

"ஜஹர்," என்றார். விஷமாம்.

காலையில் குடிலைத் திறந்தவர் என்னோடு வேலை பார்க்கும் புதுக்கோட்டைக்காரர். அவருடைய வேலைக் கார்டைப் பிடுங்கிக்கொண்டு, "இன்றே விசா கேன்சல்," என்றார் சூப்பர்வைசர்.

பூநாரை சோறு தின்னாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சந்தேகம் வந்துவிட்டது. கடையில் வாங்கிய எள்ளில் மருந்து அடித்திருப்பானோ? இல்லை, என்னைக் கேலி செய்துகொண்டே இருக்கும் இந்தப் புதுக்கோட்டைக்காரரே எதையாவது கலந்திருப்பாரோ?

அவர் என் காதருகே வந்தார். "சனி உங்களுக்குத்தானேண்ணே? என்னைய ஏன் புடிக்குது?"

முருகா என்று சொல்லிக்கொண்டு, "மேரா ஹை, பாய். பூஜா," என்று சோறு என்னுடையதுதான் எனச் சூப்பர்வைசரிடம் ஒப்புக்கொண்டேன்.

"பூஜாவா? அப்ப காவ்!" தின்னு என்று சூப்பர்வைசர் கையைக் காட்டினார்.

காக்கை கொத்தி மிச்சம் வைத்ததை, மணலோடு ஒரு கைப்பிடி அள்ளி விழுங்கினேன். இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"செத்துக்கித்துப் போயிறாதீங்க. அந்தக் கேஸையும் என் தலையில கட்டிருவாரு."

ஆபீஸ் வண்டியில் வந்த பறவை டாக்டர் அதைப் புரட்டினார். இறக்கை எலும்பு முறிந்திருந்தது. மின்கம்பியில் மோதியது என்றார். தீனி போட்டதற்காக எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. புதுக்கோட்டைக்காரருக்குக் கார்டு திரும்பக் கிடைத்தது.

அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டே கேட்டார். "நான் ஏதாச்சும் கலந்திருப்பேன்னு நெனச்சீங்களாண்ணே?"

"எள்ளு வித்த கடைக்காரனையுந்தான் நெனச்சேன்," என்றேன்.