தொண்ணூறு நாளைக்கு ஒரு முறை உள்ளே வரவும்

இணையத்தில் இலவசமாக இடம் பிடித்து எழுதுகிற தொழிலில் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, செய்த வேலை நாளைக்கு இருக்குமா என்ற உத்தரவாதமும் கிடையாது. இதில் விழுந்து எழுந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இனிமேல் விழப் போகிறவர்கள் எப்படியும் யார் சொல்லியும் கேட்கப் போவதில்லை.

நான் பெரம்பலூர்க் குடும்பத் தலைவி. படித்தது திருச்சியில் கான்வென்ட். ஒரு எழுத்துப் பிழைக்கு அரை மணி நேரம் முட்டி போட வைத்த சிஸ்டர்களிடம் வளர்ந்தவள். இருபது வருஷம் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பினேன். அவர்கள் இருபது வருஷமும் தவறாமல் திருப்பி அனுப்பினார்கள். 2004இல் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நெட் சென்டர் வைத்திருக்கும் சேகர், "இலவசமா ஒரு பக்கம் திறந்து நீங்களே போட்டுக்குங்கக்கா, யாரும் திருப்பி அனுப்ப மாட்டான்" என்றார். திறந்தேன். இரண்டரை வருஷத்தில் நூற்றுப் பதினெட்டு கட்டுரைகள். காலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு போய்த் தட்டச்சு செய்வேன். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாள் வெந்நீர் அடுப்புக்குப் போகும். அதுதான் இணையத்தில் பத்திரமாக இருக்கிறதே!

மேலே ஒருத்தி

இடம் இலவசம் என்றால் சுவரில் நோட்டீஸ் ஒட்டும் உரிமை இடம் கொடுத்தவனுக்கு. என் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்த இருபது நாளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். எனக்கே கண் கலங்கியது. வெளியிட்டுப் பார்த்தால் தலைப்புக்கு மேலே நீச்சல் உடையில் ஒரு வெள்ளைக்காரி, உங்கள் ஊரிலேயே நண்பர்கள் காத்திருக்கிறார்கள் என்று கண்ணடிக்கிறாள். பெரம்பலூரில் அப்படி யாரும் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

இடம் பிடிக்கும்போதே அந்த நிறுவனத்தில் ஏற்கெனவே இருக்கிற நாலு பேர் பக்கங்களைத் திறந்து, எந்த மாதிரி விளம்பரம் வருகிறது, எங்கே வருகிறது என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. தா.பழூரில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்காரர் நெல் வியாபாரி. அரியலூருக்கு வரும்போதெல்லாம் நெட் சென்டரில் உட்கார்ந்து என் பக்கத்தைப் படிக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பெருமையாகத்தான் இருந்தது. பொங்கலுக்கு வந்த நாத்தனார் அந்தப் பெருமையை முடித்து வைத்தாள்: "அண்ணி, நீங்க எழுதுற பக்கம்னா அவருக்கு உசுரு. ஆனா அந்த மேல் படத்தை விட்டு மனுஷன் கீழ எறங்கவே மாட்டேங்குறாரு."

கட்டம் கட்டமாக

அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துரு ஆளுக்கொன்று. நான் எழுதியது இன்னொருவர் கணினியில் தெரிய வேண்டுமானால் அவரும் அதே எழுத்துருவை இறக்கி வைத்திருக்க வேண்டும். சேகர் கடையில் தெரிந்தால் உலகத்துக்கே தெரியும் என்று நம்பி முதல் முப்பது கட்டுரைகளைப் போட்டேன். பிறகுதான் யூனிகோடு என்று ஒன்று இருப்பதும், பழைய எழுத்தை அதற்கு மாற்றிக் கொடுக்க இலவசக் கருவிகள் இருப்பதும் தெரிந்தது. ஒட்டினால் மாற்றித் தரும். ஆனால் ஒற்றுப் புள்ளிகளைத் தின்றுவிடும். வரி வரியாகப் படித்துத்தான் வெளியிட வேண்டும்.

எனக்கு இதை எடுத்துச் சொன்னது லப்பைக்குடிக்காட்டு மெஹருன்னிசா. அவள் கணவர் துபாயில். வெள்ளிக்கிழமை மத்தியானம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவரோடு பேசுவாள். என் பக்கத்தை அவருக்கும் அனுப்பியிருந்தாளாம். நான் ஆவலாக, என்ன சொன்னார் என்று கேட்டேன். "அங்க பூரா கட்டம் கட்டமாத்தான் தெரியுதாம்க்கா. கோலம் போடுற அக்கா போலன்னு கேட்டாங்க, நானும் ஆமான்னுட்டேன்."

எண்ணிக்கை

பக்கத்தின் அடியில் இலவச எண்ணி ஒன்றை மாட்டினேன். எத்தனை பேர் வந்தார்கள் என்று அது காட்டும். முதல் மாதம் நாளுக்கு நாலு பேர். அதில் மூன்று நான். சேகரிடம் புலம்பினேன். அடுத்த வாரத்திலிருந்து அறுபது, எழுபது, ஒரு சனிக்கிழமை நூறு. அன்றைக்கு நடந்தே வீட்டுக்குப் போனேன், ஆட்டோ வேண்டியிருக்கவில்லை. திருப்பி அனுப்பிய ஆசிரியர்கள் எல்லோரையும் மனதுக்குள் வரிசையாக முட்டி போட வைத்தேன்.

எண்ணியை நம்பாதீர்கள். வருகிறவர் எந்த ஊர், எத்தனை நிமிஷம் இருந்தார் என்று சொல்லும் இலவசக் கணக்கெடுப்பு இருக்கிறது. அதைப் போடுங்கள், உங்கள் சொந்த வருகையைக் கழிக்கச் சொல்லுங்கள். நான் போட்டுப் பார்த்ததில் அத்தனை பேரும் பெரம்பலூர். ஒவ்வொருவரும் இருந்தது இரண்டு விநாடி. சேகரைப் பிடித்து உலுக்கியதும் உண்மை வந்தது: "நீங்க வருத்தப்பட்டீங்களேக்கா, அதான் ஆறு மெஷின்லயும் தொறந்தாலே உங்க பக்கம் வர்ற மாதிரி வச்சு வுட்டேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் பாக்க வந்தவன்கூட உங்களத் தாண்டித்தான்க்கா போவணும்."

எடுக்கச் சொன்னேன். தலையை ஆட்டினார். ஆட்டியதோடு சரி.

தவளை

இதில் இறங்கிவிட்டால் ஊரில் இருக்கும் எல்லோருக்கும் நீங்கள் சம்பளமில்லாத வெப்மாஸ்டர். அரியலூரில் என் வீட்டுக்காரர் ஆபீஸ் சூப்பிரண்டு மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பூலாம்பாடி, பாதிச் சொந்தம் மலேசியாவில். "பத்திரிகையையும் பொண்ணு படத்தையும் நெட்ல போட்டுக் குடுத்துடும்மா, உனக்கென்ன, அஞ்சு நிமிஷ வேலை" என்று ஆணையிட்டார் என் வீட்டுக்காரர். ஐந்து நாள் ஆனது.

படங்களை இலவசமாக வைத்துக்கொள்ளும் ஒரு தளத்தில் ஏற்றி, அங்கிருந்து கல்யாணப் பக்கத்துக்கு இழுத்தேன். அந்தத் தளத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒரே நாளில் அதிகம் பேர் பார்த்துவிட்டால் படத்தைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் தன்னுடைய படம் ஒன்றைப் போட்டுவிடும். எனக்குத் தெரியாது. மலேசியாவே திறந்து பார்த்த அன்றைக்கு, மணமகள் என்று எழுதியிருந்த இடத்துக்கு மேலே பனிக்கட்டிக்குள் உறைந்த ஒரு தவளை. படம் முக்கியம் என்றால் இரண்டு இடத்தில் ஏற்றி வையுங்கள் என்பது என் அறிவுரை. சூப்பிரண்டு போனில் சொன்னது வேறு: "பொண்ணை நேர்ல பாத்தாச்சு, அதனால கல்யாணம் நிக்கலை. ஆனா உங்க வூட்டம்மாவ இனிமே யாருக்கும் உதவ வேண்டாம்னு சொல்லுங்க."

கால் வீங்கியவர்

ஒரு நாள் என் பெயரையும் என் கட்டுரை வரி ஒன்றையும் தேடுபொறியில் தேடினேன். இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான், வெளியே சொல்வதில்லை. என் பெயர் கிடைக்கவில்லை. என் வரிகள் கிடைத்தன, வேறொருவர் பெயரில். ரஞ்சன்குடிக்காரர் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்ட ஒரு ஆண். கூலிங் கிளாஸ் போட்ட புகைப்படம். என் கட்டுரைகள் முழுசும் அங்கே இருந்தன. கமா முதற்கொண்டு அப்படியே எடுத்திருந்தார். ஒன்பதாம் மாதம் தன் கால் வீங்கியதையும், பிரசவ அறையில் நர்ஸ் தன்னை அதட்டியதையும்கூட அவர் உருக்கமாக எழுதியிருந்தார். கீழே பாராட்டுகள் வேறு. என் பக்கத்தில் ஒருநாளும் வராத பாராட்டுகள்.

கான்வென்ட் இங்கிலீஷில் நாலு கடிதம் எழுதினேன். ஐந்தாவதைத் தமிழில் எழுதினேன், அதில் சிஸ்டர்கள் சொல்லித் தராத சொற்கள் இருந்தன. பதில் வந்தது: "மேடம், நல்ல எழுத்து நாலு பேருக்குப் போய்ச் சேரணும்னுதான் போட்டேன். பெரம்பலூர்ல ஒரு பொம்பளை எழுதுதுன்னா எவன் படிப்பான்?"

ஒரு வரி கூட

திருடனிடம் பேசக் கூடாது, திருடனுக்கு இடம் கொடுத்தவனிடம் பேச வேண்டும். அவரும் என்னைப் போல ஓசியில்தான் குடியிருந்தார். ஒவ்வொரு இலவசத் தளத்தின் அடியிலும் எறும்பு எழுத்தில் புகார்ப் படிவம் ஒன்று இருக்கும். உங்கள் பக்கத்தின் முகவரி, அவர் பக்கத்தின் முகவரி, இரண்டிலும் தேதி தெரியும்படி திரையை எடுத்த படம். மூன்றையும் கொடுங்கள். அழுகையைச் சேர்க்காதீர்கள், அதைப் படிக்க அங்கே ஆள் இல்லை. நூற்றுப் பதினெட்டுக்கும் தனித்தனியாக நிரப்பினேன். மூன்று வாரம் ஆனது. ஒவ்வொன்றையும் நிரப்பிவிட்டு அவருக்கும் ஒரு வரி அனுப்பினேன்: உங்கள் பக்கத்தில் மட்டுமல்ல, உங்கள் கணினியிலும் என் எழுத்தில் ஒரு வரி கூட இருக்கக் கூடாது.

மறுநாள் என் மகள் கவிதா தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். அதற்குள் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போனால் சேகர் வாசலிலேயே நின்றார். அவர் சொன்ன சேதியைக் கேட்டுக் கடையில் இருந்த எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அப்போதே சேகர், "எல்லாத்தையும் ஒரு ஃபிளாப்பில எடுத்துக்குங்கக்கா" என்றார். இணையத்தில் இருப்பதற்கு ஃபிளாப்பி எதற்கு என்று கேட்டவள் நான்தான். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார்: "அந்தாளு பக்கத்தப் பாருங்கக்கா. கழுவி வுட்ட மாதிரி இருக்கு, ஒரு புள்ளி கெடையாது."

பார்த்துவிட்டு வந்தவர்

பதினொரு பக்க நிபந்தனைகளை யாரும் படிப்பதில்லை என்று சொல்வார்கள். நான் படித்தவள், அதுதான் வயிற்றெரிச்சல். ஏழாம் பக்கத்தில் இருந்தது: கணக்கு வைத்திருப்பவர் தொண்ணூறு நாளைக்கு ஒரு முறையாவது தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே வர வேண்டும், தவறினால் கணக்கு முன்னறிவிப்பின்றி நீக்கப்படும். கடல் தாண்டி உட்கார்ந்து அதை எழுதியவனுக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரியுமா? ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து மகள் தாய் வீட்டுக்கு வந்தால், குழந்தைக்கு மூன்று மாதம் ஆன பிறகுதான் திரும்பிப் போவாள். அதுவரை அம்மாவுக்கு வாசல்படி தாண்ட நேரம் கிடையாது. கவிதாவுக்கு ரத்தக் கொதிப்பு வேறு. தனியாக விடவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள்.

எண்பத்தைந்தாம் நாள் ஞாபகம் வந்தது. பேரன் பிறந்து இரண்டு வாரம். ஒரு கையில் குழந்தை, அடுப்பில் பத்தியக் குழம்பு. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, பெயர், கடவுச்சொல், எந்த இடத்தில் எதை அடிக்க வேண்டும் என்று ஐந்து வரி எழுதி அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்பினேன். என் எழுத்தை ஒருநாளும் படிக்காத மனிதர், ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பினார். என்ன ஆச்சுங்க என்றேன். முகத்தில் அப்படி ஒரு திருப்தி: "நீ குடுத்த சீட்டே தேவைப்படலை. மெஷினப் போட்டதும் உன் பக்கம் தானா வந்து நின்னுச்சு. உக்காந்து பத்து கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் எழுதுற. எல்லாம் பத்திரமா இருக்கு, நான் எதையும் தொடலை."

சீட்டே தேவைப்படவில்லை என்ற வார்த்தையில் எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் குழம்பு பொங்கியது.

பக்கம் காணப்படவில்லை

பேரனைத் தூக்கிக்கொண்டு மகள் கிளம்பிப் போன மறுநாள் சேகர் கடைக்குப் போனேன். மெஷினைத் திறந்தால் என் பக்கம் வரவில்லை. நீங்கள் தேடும் பக்கம் காணப்படவில்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி மட்டும். ஆறு மெஷினிலும் அதே வரி. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தார்களாம், என் இலவச மின்னஞ்சலுக்கு. அதையும் நான் ஐந்து மாதம் திறக்காததால் அந்தப் பெட்டியையும் காலி செய்து வைத்திருந்தார்கள். தேடுபொறிகள் எடுத்து வைத்திருக்கும் பழைய நகல்களில் தேடுங்கள் என்று சொல்வார்கள். தேடினேன். நாலு கட்டுரை கிடைத்தது. நாலும் நான் யாரையோ பாராட்டி எழுதியவை. எனக்கே பிடிக்காதவை.

சேகரிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அவருடைய பக்கம் போன மாதிரி இருந்தது. "அக்கா, ரெண்டு மாசத்துக்கு மேல எல்லா மெஷின்லயும் இதான் வருது. நீங்களே மூடிட்டீங்கன்னு நெனச்சேன். பேரப் புள்ள வந்துடுச்சு, இனிமே எதுக்கு எழுதப் போறாங்கன்னு."

கடைசிக் கடிதம்

என் எழுத்து முழுசும் ஒரு காலத்தில் வேறு ஒரே ஒரு இடத்தில் இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் புதிதாக ஒரு இலவச மின்னஞ்சல் திறந்து, கூலிங் கிளாஸ்காரருக்கு எழுதினேன். பழைய சொற்களுக்கு மன்னிப்புக் கேட்டேன். வாழ்க்கையில் நான் மன்னிப்புக் கேட்டு எழுதிய இரண்டாவது கடிதம் அது. முதலாவதை ஆறாம் வகுப்பில் சிஸ்டர் எழுத வைத்தார். உங்களிடம் எங்காவது ஒரு நகல் இருந்தால், உங்கள் பெயரோடு இருந்தாலும் பரவாயில்லை, அனுப்பி வையுங்கள் என்று முடித்தேன். நாத்தனார் வீட்டுக்காரர் கடைசி வரை செய்யாததை நான் செய்தேன், கீழே இறங்கினேன்.

அரை மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. அந்த மரியாதையை நான் மறுக்க மாட்டேன். "மேடம், ஒரு வரி கூட இருக்கக் கூடாதுன்னு நூத்திப் பதினெட்டு தடவை எழுதுனீங்க. பயந்துபோய் கம்ப்யூட்டர்ல இருந்ததையும் சேத்து அன்னைக்கே அழிச்சுட்டேன். இருந்திருந்தா இப்ப உங்களுக்கு இலவசமாவே குடுத்திருப்பேன்."

இந்த மூன்று வருஷத்தில் நான் பயன்படுத்திய அத்தனை இலவச சேவைகளிலும், கேட்டதைக் கேட்டபடி செய்து கொடுத்தது அந்தத் திருடன் ஒருவன்தான்.