சிவப்பு நூல் கட்டிய நண்டு

எங்கள் தீவின் ஜங்லிகாட் கரையில் நண்டு விற்ற அந்த மனிதரின் காதில் எப்போதும் ஒரு பீடி இருக்கும். பற்றவைத்து நான் பார்த்ததில்லை. மெயின்லேண்டிலிருந்து மாமனார் கப்பலில் வந்த அன்று, நண்டுக்காரர் கூடையிலிருந்த சினை நண்டைக் கேட்டேன்.

“நஹி சார், இது பிள்ளைத்தாச்சி” என்றவர், அதன் காலில் சிவப்பு நூல் கட்டிக் கடலில் விட்டார். “வளைகாப்பு முடிஞ்சுது. குஞ்சு விடுற வரைக்கும் இங்க எவனும் தொட மாட்டான்.”

மாமனாருக்குக் கத்தரிக்காய்தான்.

அடுத்த மாதம் வேறொருவரிடம் வாங்கிய நண்டின் காலில் அதே நூல். பதறிப்போய் பழைய நண்டுக்காரரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். புரட்டி வயிற்றைப் பார்த்தார்.

“பிரசவம் ஆயிடுச்சு சார். தாராளமா குழம்பு வைங்க.”

மனம் வரவில்லை. நண்டை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். அன்று எங்கள் வீட்டில் ரசம். அவர் வீட்டில் என்ன என்று இன்றுவரை கேட்கவில்லை.