செத்துப்போன ஓடெஸாவுக்கு ஒரு தட்டு

வெர்டெல் ப்ரூவிட் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தேழு வருடம் கரண்டி பிடித்தவள். அங்கே பிள்ளைகளுக்கு என்ன போட்டாளோ தெரியாது. அலபாமாவில் எங்கள் சபையின் வருடாந்திர விருந்துக்கு அவள் கொண்டுவரும் காலர்டு கீரை மட்டும் எல்லோருக்கும் முன்னால் தீர்ந்துபோகும். புகையில் வாட்டிய பன்றிக்காலை முதலில் இரண்டு மணி நேரம் வேகவிட்டு, அந்தச் சாற்றில் கீரையைப் போடுவாள். சட்டியின் அடியில் நிற்கும் சாற்றில் சோள ரொட்டியைத் தோய்க்க அடிதடியே நடக்கும். அவளுக்கு அதில் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, சும்மா வந்த பெயரா அது?

ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிறு, சபையில் போதகருக்கு உதவியாக, டீக்கனாக இருக்கும் அவள் கணவன் ஹோசியா பாட்டு நடுவிலேயே சரிந்தான். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. குணமாக மூன்று மாதம் ஆயிற்று.

"பிரஷர் இப்படியே இருந்து இன்னொரு தடவை பக்கவாதம் வந்தா ஆள் தேற மாட்டார்மா. உப்பை விடச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

பன்றிக்கால் அன்றே குப்பைக்குப் போனது. வெங்காயம், பூண்டு, சிவப்பு மிளகாய், இறக்கும்போது கொஞ்சம் வினிகர், அவ்வளவுதான் இனி கீரை. காராமணியை உப்பில்லாமல் ஊறவைத்து வேகவைத்தாள். கெளுத்தி மீனை எண்ணெயில் போடாமல் எலுமிச்சை பிழிந்து சுட்டாள். ஹோசியா முதல் வாய் வைத்ததுமே முகத்தைச் சுளித்தான்.

"நானும் இதையேதான் சாப்பிடப்போறேன். நீ தனியாத் திங்க வேண்டாம்" என்றாள்.

சொன்னபடி செய்தாள். வீட்டில் உப்பு டப்பாவே இல்லை. விருந்துக்கும் அதே கீரையைத்தான் எடுத்துப் போனாள், அவன் மேசையில் வேறெதையும் தொடக்கூடாதே என்று. சட்டி நிறைய வீடு திரும்பியது. பழைய பக்குவத்தைத் தோழி எர்னஸ்டினுக்குச் சொல்லிக்கொடுத்தாள். "சபை ஏங்கிப் போகக்கூடாதுடி, இனிமே நீ ஆக்கு" என்று பக்கத்தில் நின்று பதம் காட்டினாள். அந்தப் பெயர் எர்னஸ்டினுக்குப் போனதில் வருத்தம்தான். புருஷன் இருந்தால் போதும் என்று விழுங்கிக்கொண்டாள்.

ஆனால் ஹோசியாவின் பிரஷர் இறங்கவில்லை. மாத்திரையை மாற்றினார்கள், கூட்டினார்கள். ம்ஹூம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நர்ஸ் லொரெய்ன் கீழ்க்கூடத்தில் கருவியோடு உட்கார்ந்து எல்லோருக்கும் பிரஷர் பார்த்தாள். வெர்டெல்லுக்கு நூற்றுப் பதினாறு. ஹோசியாவுக்கு நூற்று எழுபத்தெட்டு.

"ஒரே சட்டிச் சாப்பாடுதானே ரெண்டு பேருக்கும்?" என்று லொரெய்ன் கேட்டாள்.

ஹோசியா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே, "என்னைக் கேட்டா? சமைக்கிறவ அவ. எதுல என்ன போடறாளோ, நான் என்னத்தக் கண்டேன்" என்றான்.

"இதப் பாருங்க சிஸ்டர் வெர்டெல், புருஷன் உயிரு உங்க கையில இருக்கு" என்று லொரெய்ன் பத்துப் பேருக்கு முன்னால் சொன்னாள். வெர்டெல் காது மடல் கொதிக்க, தண்ணீர் குடிக்கும் சாக்கில் சமையலறைக்குள் போனாள்.

எங்கள் சபையில் ஞாயிறு சாப்பாட்டில், நடமாட முடியாதவர்களுக்கு முதலில் தட்டு எடுத்து வைப்பார்கள். மேலே அலுமினியத் தாள், அதன்மேல் பேர் எழுதிய ஒட்டுத்தாள். காரில் கொண்டுபோய்க் கொடுப்பது ஹோசியாவின் ஊழியம். அன்று ஐந்து தட்டு வரிசையாக இருந்தது. கடைசித் தட்டில், எர்னஸ்டினின் கோழிக் கிறுக்கலில், 'மிஸ் ஓடெஸா' என்று இருந்தது.

ஓடெஸாவைப் புதைத்து இரண்டு வருடம் ஆகிறது. கல்லறையில் பாடியதே வெர்டெல்தான்.

"இது யாருக்குடி?" என்றாள்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த நான்கு பெண்களும் கையை நிறுத்தினார்கள். ஒருத்தியும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அப்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. இத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

"கோவிச்சுக்காதடி" என்று எர்னஸ்டின் ஈரக்கையைத் துடைத்தபடி கிட்டே வந்தாள். "நாக்கு செத்துப்போச்சு எர்னஸ்டின்னு உன் புருஷன் அழுதான். வாரத்துக்கு ஒரு தட்டு. ஆம்பளை, பாவம்."

"ஒண்ணேதானா?"

"புதன்கிழமை வேதபாடம் முடிஞ்சு... அன்னைக்கும் கொஞ்சம்."

"தினமும் காலையில என்கூட நடக்க வர்றியே, எப்படி ஆக்குனாலும் அவருக்குப் பிரஷர் இறங்கலையேன்னு நான் அழுதப்ப என் முதுகைத் தடவிக் கொடுத்தியே. அந்தக் கையாலதான் இதையும் மூடினியா?"

வெர்டெல் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஹோசியாவுக்கு எதிரே அமர்ந்து தாளை உரித்தாள். பொரித்த கெளுத்தி, பாலாடைக்கட்டி வழியும் மக்ரோனி, பன்றிக்கால் போட்ட கீரை. ஹோசியாவின் முகம் வெளிறியது.

"வெர்டெல், நான் சொல்றதக் கொஞ்சம் கேளு..."

அவள் கேட்கவில்லை. அவன் கண்ணெதிரே வயிறு முட்டத் தின்றுவிடுவது என்ற ஆங்காரத்தோடு ஒரு கரண்டி கீரையை வாயில் போட்டாள். பக்குவம் அவளுடையதேதான், வாசனையும் அதேதான். ஆனால் நாக்கில் உப்பைத் தவிர எதுவும் தெரியவில்லை. கடல் தண்ணீரைக் குடித்தது மாதிரி தொண்டை எரிந்தது. விழுங்க முடியாமல் கைக்குட்டையில் துப்பினாள். ஆறு வருடத்தில் தன் கீரையைத் தானே தின்ன முடியாதவளாகியிருந்தாள். அவனோ ஒரு வாரம்கூட உப்பை விடவில்லை.

"நீ தனியாத் திங்க வேண்டாம்னு நெனச்சேன் ஹோசியா" என்றாள். "நான்தான் தனியாத் தின்னுருக்கேன்."

தட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தாள். வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்ப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.