வெஸ்ட் ஜெர்மனி பம்ப்

எந்தப் பொருள் கையில் கிடைத்தாலும் அதைத் திருப்பிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். எந்த நாட்டில் செய்தது என்று அடியில் எழுதியிருக்குமே, அதைப் படிக்காமல் கீழே வைக்க மனம் வராது. பெண் பார்க்கப் போன வீட்டில் காபி டம்ளரைத் தூக்கி அடியைப் பார்க்கப்போய், வேட்டியெல்லாம் காபி. அந்த வீட்டுப் பெண்தான் இன்று என் மனைவி. "அன்னிக்கே நான் உஷாராயிருக்கணும்" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இந்த வியாதி எங்கள் காரிலிருந்து ஒட்டிக்கொண்டது. திண்டிவனத்தில் எனக்கு ஹார்டுவேர் கடை. கார் அப்பா வாங்கியது, இங்கிலாந்தில் செய்தது. டைனமோ, ஹார்ன், முன்விளக்குக் கண்ணாடி என்று எதைத் துடைத்தாலும் 'மேட் இன் இங்லேண்ட்' என்று புடைத்த எழுத்து தெரியும். டயரையும் பேட்டரியையும் தவிர வேறு நாட்டுச் சாமான் எதையும் நான் அதில் ஏறவிட்டதில்லை. எங்கள் வீட்டில் யார் எந்தப் பெரிய காரியத்துக்குப் புறப்பட்டாலும் அந்த வண்டியில்தான் புறப்பட வேண்டும். ஞானஸ்நானத்துக்கு, சர்ச்சில் முதல் நன்மை வாங்குவதற்கு, கல்யாணத்துக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். மகள் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த அன்றும் அதில்தான் கொண்டுபோய் இறக்கினேன்.

அவளுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. ஒரு வருஷமாக வீட்டில் ஜெர்மன் மொழி ஓடிக்கொண்டிருந்தது. குளிக்கும்போதுகூட என்னென்னவோ சொல்லிப் பார்ப்பாள். பரீட்சை முடிந்து விசாவும் வந்துவிட்டது. "மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கு நம்ம வண்டிலதான் போறோம்" என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்தேன். சொன்ன வாரமே வண்டியின் பெட்ரோல் பம்ப் போய்விட்டது.

டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து இன்ஜினுக்குத் தள்ளுகிற சாமான் அது. கரண்டில் ஓடும். சாவியைத் திருப்பினால் டிக் டிக்கென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் நின்றுபோனது. பிரித்துப் பார்த்தேன், உள்ளே எதுவும் தேறாது.

"டிக்கெட் போட்ரலாமாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"மொதல்ல வண்டி ரெடியாவட்டும்" என்றேன்.

பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கடையை மனைவி தலையில் கட்டிவிட்டு பஸ் ஏறினேன். புதுச்சேரியில் இல்லை, சென்னையில் இல்லை. விழுப்புரத்தில் ஒரு காயலான் கடையில் மட்டும் ஒன்று இருந்தது. கடைக்காரர் அதை பேட்டரியில் இணைத்துக் காட்டினார். டிக் டிக்கென்று ஓடியது. எனக்கு வாயெல்லாம் பல். வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தேன். 'மேட் இன் வெஸ்ட் ஜெர்மனி' என்றிருந்தது.

"வேணாம்" என்றேன்.

"ஏன் சார், ஓடுதே?"

"இது இங்கிலாந்து வண்டி."

"பெட்ரோலுக்கு இன்னா தெரியும், இங்கிலாந்தா ஜெர்மனியான்னு? அந்த வெஸ்ட் ஜெர்மனியே இப்ப இல்ல சார். எடுத்துக்கினு போங்க, ஒரு பேஜாரும் இல்லாம ஓடும்."

இல்லாத நாட்டின் பெயரைக் கேட்டும் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தச் சாமானைக் கையில் வைத்திருக்கவே பிடிக்கவில்லை. பெஞ்சில் வைத்துவிட்டு நடந்தேன்.

முகையூர்ப் பக்கம் ஒரு விவசாயியிடம் என் வண்டியின் ஜோடி நிற்பதாக யாரோ சொல்ல, அங்கேயும் ஓடினேன். வண்டி இருந்தது. பின்சீட்டில் மல்லாட்டைக் கடலை மூட்டை அடுக்கியிருந்தார்கள், முன்சீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. பம்பைக் கழற்றிப் பார்த்தால் இங்கிலாந்து எழுத்து பளிச்சென்று தெரிந்தது. உள்ளே எல்லாம் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. இருந்தாலும் அதை வாங்கி, பத்திரமாகத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். ஓடுகிறதை விட்டுவிட்டு ஓடாததைச் சுமந்து வந்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்து, கூடத்தில் பழைய பேப்பரை விரித்து, அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தேன். மகள் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள். ஜெர்மனி ஆஸ்பத்திரியிலிருந்து அன்று காலையிலும் என்றைக்கு வருகிறாள் என்று கேட்டிருந்தார்கள்.

"இது ஓடுமாப்பா?"

"பாக்கலாம்."

"விழுப்புரத்துல ஓடுற பம்ப் இருக்குன்னு நீதான சொன்ன?"

"அது ஜெர்மனி."

நான் சுரண்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பம்ப் கெடைக்கலன்னா நான் போவ மாட்டேன்னு நெனச்சிக்கினு சுத்துறியாப்பா?" என்றாள்.

நான் இன்னும் வேகமாகச் சுரண்டினேன். கண்டுபிடித்துவிட்டாளே என்று வெட்கமாக இருந்தது. அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லத் தைரியமில்லாமல் ஊர் ஊராகப் பம்ப் தேடினேன், அவ்வளவுதான். அடுப்படியிலிருந்து மனைவி, "இப்பத்தான் கேட்டியா? எனக்கு அந்தப் பம்ப் செத்த அன்னிக்கே தெரியும்" என்றாள்.

மறுநாள் விழுப்புரம் போனேன். பம்ப் நான் வைத்த பெஞ்சிலேயே இருந்தது. கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது அதை ஒரு தரம்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. மாட்டும்போது எழுத்துள்ள பக்கம் வெளியே தெரியும்படி வந்தது. அதை மறைக்கிற மாதிரி மாட்ட முடியுமா என்று முயன்றேன், குழாய் எட்டவில்லை. அன்று சாயங்காலம் மகள் டிக்கெட் போட்டாள்.

புறப்பட்ட அன்று அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மனைவி பின்சீட்டில் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தாள். சாவியைத் திருப்பியதும் டிக் டிக். யாரோ ஒருவர் சாலையோரம் பைக்கை நிறுத்தி, வண்டியை போட்டோ எடுத்துக்கொண்டார். அச்சிறுபாக்கம் வந்தது. மேல்மருவத்தூர், மதுராந்தகம் எல்லாம் கடந்து போயின. வெயிலில் வழக்கமாக இருமுகிற இன்ஜின் அன்று இருமவே இல்லை. செங்கல்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிறுத்தி இன்ஜினை ஆறவிடலாமா என்று கேட்டேன். "நல்லாத்தான ஓடுது" என்றாள் மகள். மீனம்பாக்கத்துக்கு நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். அவள் இறங்கும்போது டேஷ்போர்டைத் தட்டிக் கொடுத்தாள், பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள்.

போய் இறங்கியதும் போன் செய்தாள். குளிர், அறை, ரொட்டி என்று அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"திரும்பிப் போறப்ப வண்டி எங்கயாச்சும் நின்னுச்சாப்பா?"

"எங்கயும் நிக்கல" என்றேன்.

போகும்போது ஒவ்வோர் ஊர் தாண்டும்போதும் இங்கேயாவது நின்றுவிடாதா என்று நான் பார்த்துக்கொண்டே வந்ததை அவளிடம் சொல்லவில்லை.